இருதய வருத்தம்: குழாயா, பம்பா, மின்சாரமா, கதவா?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எந்த வீட்டில் பேச்சுக் கொடுத்தாலும், "அவருக்கு ஹார்ட் வருத்தம்" என்று சுட்டிக்காட்ட ஒருவராவது இருப்பார். என்ன ஹார்ட் வருத்தம் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஒருவருக்கு இரத்தக் குழாயில் அடைப்பு, இன்னொருவருக்கு வால்வு பழுது, வேறொருவருக்குத் துடிப்பு ஒழுங்கில்லை. மூன்று பேரையும் ஒரே கணக்கில் போட்டுவிடுகிறோம். அதனால்தான் "பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், அப்பாவுக்கு மட்டும் ஏன் வைக்கவில்லை?" என்று டொக்டரோடு கோபப்படுகிறோம். அதைவிட மோசம், ஒருவருக்குக் கொடுத்த குளிசையை இன்னொருவர் வாங்கி விழுங்குவது.

இருதயத்தை ஒரு வீடாக நினைத்துக்கொண்டால் விஷயம் சுலபமாகப் பிடிபடும். வீட்டில் தண்ணீர்க் குழாய் உண்டு, தண்ணீரைத் தள்ளும் பம்ப் உண்டு, பம்பை ஓடவைக்கும் மின்சார வயர் உண்டு, அறைக்கு அறை கதவு உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பழுதாகும். ஒன்று பழுதாகி மற்றதையும் கெடுக்கவும் செய்யும். இருதயத்திலும் இதே நான்குதான். அதன் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள், சுருங்கி விரியும் தசை, துடிப்பைக் கட்டுப்படுத்தும் மின்னோட்டம், இரத்தத்தை ஒரே பக்கமாகப் போகவிடும் நான்கு வால்வுகள். உங்கள் வீட்டில் உள்ளவருக்கு இதில் எது பழுது என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூடிய கை அளவுதான் இருதயம். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு இலட்சம் தடவை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தத்தைத் தள்ளுகிறது. இவ்வளவு வேலை செய்யும் தசைக்கு அதன் சொந்தச் சாப்பாடு வேண்டாமா? அதைக் கொண்டுவருவதுதான் மேலே படர்ந்திருக்கும் முடியுரு நாடிகள், அதாவது கொரோனரி குழாய்கள். இங்கிருந்துதான் எங்கள் ஊரின் மிகப் பெரிய பிரச்சினை தொடங்குகிறது.

குழாய் அடைப்பு

குழாயின் உட்சுவரில் கொலஸ்ட்ரோல் படிவது ஒரு நாளில் நடப்பதல்ல. இளவயதிலேயே தொடங்கி, இருபது முப்பது வருடமாகச் சத்தமில்லாமல் தடிக்கிறது. சிகரெட், உயர் பிரஷர், சீனி வருத்தம், கூடிய கொலஸ்ட்ரோல், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்த வரலாறு ஆகியவை அதை வேகப்படுத்துகின்றன. குடும்ப வரலாறு என்றால் தாத்தாவுக்கு 80 வயதில் வந்ததைச் சொல்லவில்லை. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன் வந்திருந்தால்தான் அது கணக்கில் வரும்.

எங்கள் பிராந்தியத்தவர்களுக்கு இது கொஞ்சம் முன்னதாகவே வருகிறது. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில் இலங்கையும் சேர்ந்திருந்தது. அதன் தெற்காசியப் பகுதி 2007 இல் வெளியானபோது, எங்கள் பக்கத்தில் முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், மற்ற நாடுகளில் அது ஏறத்தாழ 59 என்றும் தெரியவந்தது. பிள்ளைகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் வயது அது. புறக்கோட்டையில் கடை நடத்துகிறவர், கந்தோரில் ஒரு பிரிவையே தலையில் சுமக்கிறவர், இவர்கள் எல்லாம் இந்த வயதுக்காரர்கள்தான்.

குழாய் பாதிக்கு மேல் ஒடுங்கிய பிறகு, வேலை கூடும்போது மட்டும் இரத்தம் போதாமல் போகும். மூன்றாம் மாடி வரை படியேறும்போது, பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நடக்கும்போது நெஞ்சின் நடுவில் ஓர் அழுத்தம், இறுக்கம், எரிவு. நின்று இளைப்பாறினால் சில நிமிடங்களில் போய்விடும். இதுதான் அஞ்ஜைனா. "நின்றால் சரியாகிவிடுகிறதே" என்று பலர் மாதக்கணக்காக விட்டுவிடுகிறார்கள். நின்றால் சரியாகிறது என்பதே குழாயில் பிரச்சினை இருக்கலாம் என்பதற்கான அடையாளம். அந்த வாரமே ஒரு இருதய நிபுணரைச் சனல் பண்ணிக் காட்ட வேண்டும், அல்லது அரசாங்க ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவுக்குப் போக வேண்டும். முன்பைவிடக் குறைந்த வேலைக்கே வலி வரத் தொடங்கினாலோ, சும்மா இருக்கும்போது வந்தாலோ அந்த வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும்.

மாரடைப்பு வேறு. படிந்திருந்த கொழுப்பின் மேல்தோல் திடீரென்று வெடிக்கிறது. உடம்பு அதைக் காயம் என்று நினைத்து அந்த இடத்தில் இரத்தத்தை உறையவைக்கிறது. அந்தக் கட்டி குழாயை முழுதாக அடைத்தால், அதற்கு அப்பாலுள்ள தசைக்கு இரத்தமே போகாது. அரை மணித்தியாலத்துக்குள் தசை சாகத் தொடங்கும், மணித்தியாலம் போகப் போக அந்தப் பரப்பு கூடும். இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. வெடிக்கிற படிவு எப்போதும் பெரிய படிவாக இருக்க வேண்டியதில்லை. நேற்றுவரை காலி முகத்திடலில் சுகமாக நடந்தவருக்கு இன்று மாரடைப்பு வருவது அதனால்தான்.

"கேஸ்தான், காலையில் பார்ப்போம்"

இந்த ஒரு வசனம் எங்கள் வீடுகளில் எத்தனை உயிர்களைக் கொண்டுபோயிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. இரவு நேரம், நெஞ்சில் அழுத்தம், வியர்வை. உடனே ஒரு சோடா, இஞ்சித் தேத்தண்ணீர், ஓமத் தண்ணீர், பார்மசியில் வாங்கி வைத்த கேஸ்ட்ரிக் குளிசை. ஏவறை ஒன்று வந்தால் "ஆ, கேஸ்தான்" என்று படுத்துவிடுவார்கள். மாரடைப்பு வரும்போதும் ஏவறை வரும், வாந்தி வரும், மேல் வயிறு எரியும். குறிப்பாக இருதயத்தின் கீழ்ப்பக்கத் தசை பாதிக்கப்படும்போது வலி வயிற்றில் இருப்பது போலவே தெரியும். ஏவறை வந்தது எதற்குமே சாட்சி இல்லை.

எப்போது சந்தேகப்பட வேண்டும்? நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம் 10, 15 நிமிடம் தாண்டியும் போகவில்லை. அது இடது கைக்கோ, இரண்டு கைகளுக்குமோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவுகிறது. குளிர்ந்த வியர்வை கொட்டுகிறது. மூச்சு வாங்குகிறது, முகம் வெளிறுகிறது, என்னவோ நடக்கப்போகிறது என்ற பயம் வருகிறது. இதில் எல்லாமே இருக்க வேண்டும் என்றில்லை. விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுக்காட்டக்கூடிய குத்து வலி, மூச்சை இழுத்தால் கூடும் வலி, அமுக்கினால் நோகும் வலி ஆகியவை பெரும்பாலும் இருதயத்தால் வருவதில்லை. ஆனால் இந்த வித்தியாசத்தை வீட்டில் இருந்துகொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குத்தான் ஈ.சி.ஜி.

அம்மாமாரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பெண்களுக்கும், வயதானவர்களுக்கும், நீண்டகாலமாகச் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். திடீர்க் களைப்பு, மூச்சு முட்டல், ஓங்காளம், தாடையிலோ முதுகிலோ ஓர் உளைவு, அவ்வளவுதான். அம்மாவோ "ஒன்றுமில்லை, கொஞ்சம் களைப்பு" என்று சொல்லிக்கொண்டே அடுப்படியில் நிற்பார். அவர் அப்படித்தான் சொல்வார், அதை நம்பி நாம் இருந்துவிடக் கூடாது.

சந்தேகம் வந்ததும் 1990 க்கு அழையுங்கள். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி நாடு முழுவதும் விரிந்த இலவச அம்புலன்ஸ் சேவை இது. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடுவது வேகமாகத் தோன்றும். ஆனால் வழியில் துடிப்பு நின்றுவிட்டால் ஓட்டோவில் என்ன செய்ய முடியும்? அம்புலன்ஸில் பயிற்சி பெற்றவர் இருக்கிறார், ஒட்சிசன் இருக்கிறது. நோயாளியே வாகனம் ஓட்டிப் போவது வேண்டவே வேண்டாம். அம்புலன்ஸ் வரும்வரை அவரை நடக்கவிடாமல், படியிறங்கவிடாமல் சாய்ந்து உட்கார வையுங்கள். அஸ்பிரின் ஒவ்வாமை, இரத்தக் கசிவு, டெங்குச் சந்தேகம் எதுவும் இல்லையென்றால் 300 மில்லிகிராம் அஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வது வழக்கம்; அழைப்பில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஏற்கெனவே நாக்குக்குக் கீழ் வைக்கும் குளிசை தரப்பட்டிருந்தால், உட்கார்ந்தபடி ஒன்று வைக்கலாம். வயாகரா வகைக் குளிசை எடுத்திருந்தால் இதை வைக்கவே கூடாது, பிரஷர் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயமல்ல அது.

தமிழில் மட்டும் பேசத் தெரிந்த வயதானவர்கள் ஆஸ்பத்திரியில் தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு சிங்கள வசனங்களை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வையுங்கள். "பபுவ ரிதெனவா", நெஞ்சு நோகிறது. "ஹுஸ்ம கன்ன அமாருயி", மூச்சு எடுக்கக் கஷ்டம். வரிசையில் நிற்காமல் முன்னுக்குக் கூப்பிட இந்த இரண்டும் போதும்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்

முதலில் ஈ.சி.ஜி. முதல் ஈ.சி.ஜி சரியாக இருந்தால் மாரடைப்பு இல்லை என்று அர்த்தமில்லை. திரும்பத் திரும்ப எடுப்பார்கள். தசை காயப்பட்டால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற பொருளையும் பார்ப்பார்கள். அது ஏறச் சில மணித்தியாலம் ஆகும் என்பதால் அதுவும் இரண்டாம் தடவை பார்க்கப்படும். "ஈ.சி.ஜி நோர்மல் என்கிறார்கள், பிறகு ஏன் மறித்து வைத்திருக்கிறார்கள்" என்று சண்டை போட்டு, கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைத் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

குழாய் முழுதாக அடைத்திருப்பது உறுதியானால் இரண்டு வழி. ஒன்று, உடனே அஞ்சியோகிராம் செய்து (குழாய்களைப் படமெடுத்து), கையிலோ தொடையிலோ உள்ள நாடி வழியாக மெல்லிய குழாயைக் கொண்டுபோய், அடைப்பைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்ற சிறிய வலைக்குழாயை வைப்பது. கொழும்பு தேசிய வைத்தியசாலை போன்ற, அந்த வசதியுள்ள இடங்களில் இது நடக்கிறது; இதுதான் சிறந்த வழி. மற்றது, கட்டியைக் கரைக்கும் ஊசி. ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிப்ளேஸ் என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருக்கலாம். பலூன் வசதி தூரத்தில் இருக்கும்போது ஊசி உயிரைக் காப்பாற்றும். அதை வலி தொடங்கி 12 மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆனால் முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் கொடுத்தால் கிடைக்கும் பலன் பிறகு கிடைக்காது. "காலையில் பார்ப்போம்" என்று படுத்தவர் இழப்பது இந்த மணித்தியாலங்களைத்தான்.

பலூன் சிகிச்சையை 1977 இல் சூரிச்சில் அண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர் முதன்முதலில் செய்தார். அதற்கு முன் நெஞ்சைத் திறந்து செய்யும் பைபாஸ்தான் ஒரே வழி. பைபாஸ் இன்றும் போய்விடவில்லை. மூன்று குழாய்களிலும் கடுமையான அடைப்பு, இடது பிரதான குழாயில் அடைப்பு, கூடவே சீனி வருத்தம் என்றிருந்தால் ஸ்டென்டைவிட பைபாஸ் நீண்டகாலத்துக்கு நல்லதாக அமையும். காலில் இருந்தோ நெஞ்சுச் சுவரில் இருந்தோ எடுக்கும் குழாயால் அடைப்பைச் சுற்றி வேறு பாதை போடுவார்கள். "பைபாஸ் சொன்னார்கள், பயத்தில் இன்னொரு டொக்டரிடம் போய் ஸ்டென்ட் கேட்டோம்" என்பது சரியான யோசனையாக இருக்க வேண்டியதில்லை. இரண்டாவது அபிப்பிராயம் கேட்பது நல்லது. தனக்குப் பிடித்த பதில் வரும்வரை கேட்டுக்கொண்டிருப்பது நல்லதல்ல. இன்னொன்று, நிலையான அஞ்ஜைனா உள்ள பலருக்கு ஸ்டென்ட் இல்லாமல் குளிசையாலேயே சமாளிக்கலாம். பக்கத்து வீட்டு மாமாவுக்கு வைத்ததும் அப்பாவுக்கு வைக்காததும் இதனாலும் இருக்கலாம்.

ஸ்டென்ட் வைத்ததும் வருத்தம் முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் அடுத்த ஆபத்து. ஸ்டென்ட் சரிசெய்தது ஒரு இடத்தை மட்டும். மற்றக் குழாய்களில் படிவு அப்படியே இருக்கிறது. அஸ்பிரினோடு க்ளோபிடோக்ரல் போன்ற இன்னொரு குளிசையும் தருவார்கள், மாரடைப்புக்குப் பிறகு வழக்கமாக ஒரு வருடத்துக்கு இரண்டும். இடையில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறையலாம். பல்லுப் பிடுங்க வேண்டும் என்று பல் டொக்டர் நிறுத்தச் சொன்னாலும், இருதய டொக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். கொழும்பில் டெங்கு வரும் காலத்தில் இது இன்னும் சிக்கல். டெங்குவில் இரத்தக் கசிவு ஆபத்து இருப்பதால் அஸ்பிரினைத் தவிர்ப்பார்கள், ஸ்டென்ட் வைத்தவருக்கோ அது தேவை. காய்ச்சல் வந்த முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போய் "எனக்கு ஸ்டென்ட் இருக்கிறது" என்று சொல்லுங்கள். நிறுத்துவதா தொடர்வதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் குளிசையை "ரிப்போர்ட் நோர்மலாகிவிட்டது" என்று நிறுத்துகிறவர்கள் பலர். நோர்மலானதே குளிசையால்தான். மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் 70 க்குக் கீழே இருக்க வேண்டும், இன்னும் குறைய வேண்டும் என்று சொல்லும் வழிகாட்டிகளும் உண்டு.

பம்ப் களைத்துவிட்டால்

மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி செத்துப்போனாலோ, பல வருடம் கூடிய பிரஷருக்கு எதிராகத் தள்ளித் தள்ளித் தசை தளர்ந்தாலோ பம்ப் பலவீனமாகிறது. இதைத்தான் ஹார்ட் பெயிலியர் என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் இருதயம் நின்றுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அது வேலை செய்கிறது, தேவைக்குப் போதவில்லை.

தள்ள முடியாத இரத்தம் பின்னால் தேங்குகிறது. நுரையீரலில் தேங்கினால் மூச்சு வாங்கும், அதுவும் படுத்தால் கூடும். முன்பு ஒரு தலையணை வைத்தவர் இப்போது மூன்று வைக்கிறார், நடு இரவில் மூச்சு முட்டி எழுந்து ஜன்னலைத் திறக்கிறார் என்றால் அதை வயது என்று விட்டுவிடாதீர்கள். காலில் தேங்கினால் பின்னேரம் கணுக்கால் வீங்கும், விரலால் அமுக்கினால் குழி விழும். எக்கோ ஸ்கேனில் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை சதவீத இரத்தம் வெளியே போகிறது என்று பார்ப்பார்கள். அதுதான் ரிப்போர்ட்டில் ஈ.எஃப் என்று போட்டிருக்கும். 55 முதல் 70 வரை இயல்பு. 40 அல்லது அதற்குக் கீழே என்றால் தெளிவான பலவீனம். நூற்றுக்கு நூறு ஒருவருக்கும் இருக்காது, ஆகவே 60 ஐப் பார்த்து "நாற்பது வீதம் போய்விட்டது" என்று அழ வேண்டாம்.

இந்த வருத்தத்துக்கு இன்று நல்ல மருந்துகள் உண்டு. தேங்கிய நீரைச் சலமாக வெளியேற்றும் குளிசை ஆறுதல் தரும். ஆயுளைக் கூட்டுவது வேறு நான்கு வகை மருந்துகள். குழாயைத் தளர்த்தும் குளிசை, துடிப்பைச் சாந்தப்படுத்தும் பீட்டா புளொக்கர், ஸ்பைரனோலக்டோன், சீனி வருத்தத்துக்காக வந்த டாபாகிளிஃப்ளோசின் வகை. கடைசியாகச் சொன்னதைச் சீனி இல்லாதவருக்கும் இருதயத்துக்காகவே கொடுக்கிறார்கள்; "எனக்குச் சீனி இல்லையே, தவறாக எழுதிவிட்டார்கள்" என்று எறிந்துவிடக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று: தினமும் காலையில், சலம் போன பிறகு, சாப்பிட முன் நிறை பார்த்து எழுதுவது. இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது கொழுப்பல்ல, நீர். அப்போதே கிளினிக்குக்குப் போனால் வார்டில் படுக்காமல் தப்பலாம். உப்பைக் குறைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்லும் அளவே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு தேக்கரண்டி. கறியில் உப்பைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் கருவாடு, மாசிச் சம்பல், ஊறுகாய், பின்னேரம் கடை ரோல்ஸ் என்றால் கணக்கு எங்கோ போய்விடும். மூட்டு நோவுக்குப் பார்மசியில் டைக்ளோபெனாக் கேட்டு வாங்குவதும் வேண்டாம். அது உடம்பில் நீரைத் தேங்கவைத்து இந்த வருத்தத்தைக் கூட்டும்.

மின்சாரக் கோளாறு

படபடப்பு வந்ததும் எல்லோரும் பயப்படுகிறோம். அவ்வப்போது ஒரு துடிப்பு தவறினது போல, நெஞ்சில் ஒரு குதி குதித்தது போல வருவது பெரும்பாலானவர்களுக்கு ஆபத்தில்லாதது. நித்திரை இல்லாமை, பதற்றம், கூடிய கோப்பி ஆகியவை அதைக் கூட்டும். திடீரென்று 150, 180 என்று ஓடத் தொடங்கி, திடீரென்று நிற்கும் வகை ஒன்று உண்டு, இளையவர்களுக்கும் வரும். அதற்கு ஊசி மருந்து உண்டு. திரும்பத் திரும்ப வந்தால், கோளாறான மின்பாதையைச் சுட்டு நிரந்தரமாக நிறுத்தும் சிகிச்சையும் உண்டு.

வயதானவர்களிடம் நாம் தேட வேண்டியது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன. மணிக்கட்டில் நாடி பிடித்தால் எந்த ஒழுங்கும் இல்லாமல் அடிக்கும். சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. நடுங்கும் அறைக்குள் இரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போனால் பக்கவாதம். இது உள்ளவருக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. தடுப்பது இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து. இதற்கு அஸ்பிரின் போதாது. வார்ஃபரின் எடுப்பவர் ஐ.என்.ஆர் என்ற இரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்து, வழக்கமாக 2 க்கும் 3 க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். கீரை சாப்பிடவே கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். சாப்பிடலாம். ஒரு வாரம் தினமும் கங்குங், பொன்னாங்காணி, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாறக் கூடாது, அவ்வளவுதான். அபிக்சபான் போன்ற புதிய மருந்துகளுக்கு ஐ.என்.ஆர் தேவையில்லை, ஆனால் விலை கூட.

துடிப்பு மிக மெதுவாகி, தலைசுற்றி, நின்ற இடத்தில் மயங்கி விழுந்தால் மின்சாரம் கீழே போகும் வழி துண்டிக்கப்பட்டிருக்கலாம். தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் வைத்தால் அவர் திரும்பவும் சாதாரணமாக நடமாடலாம்.

மாரடைப்பும் துடிப்பு நிற்பதும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். மாரடைப்பு குழாய்ப் பிரச்சினை, நோயாளி பேசிக்கொண்டிருப்பார். துடிப்பு நிற்பது மின்சாரப் பிரச்சினை. மாரடைப்பே அதைத் தூண்டிவிடலாம். ஆள் சரிந்து விழுந்து, கூப்பிட்டால் அசையாமல், மூச்சும் இல்லாமலோ தாறுமாறாகவோ இருந்தால் 1990 க்கு ஒருவர் அழைக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீற்றர் ஆழத்துக்கு அமுக்க வேண்டும். விலா எலும்பு உடையுமோ என்று பயந்து நிற்காதீர்கள். உடைந்த எலும்பு ஆறும்.

கதவுகள்

வால்வு சரியாகத் திறக்காது, அல்லது சரியாக மூடாது. எங்கள் நாட்டில் இளவயதில் வால்வு கெடுவதற்கு ஒரு பழைய காரணம், சிறுவயதில் வந்த ரூமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு ஒருவகை பக்டீரியாவால் தொண்டை நோவு வருகிறது. சில வாரம் கழித்து மூட்டுக்கு மூட்டு தாவும் வீக்கமும் காய்ச்சலும். அது வால்வையும் தாக்கினால், பாதிப்பு இருபது, முப்பது வயதில் மூச்சிளைப்பாக வெளியே தெரியும். பெண்களுக்குப் பல நேரம் கர்ப்பமாக இருக்கும்போதுதான் தெரியவரும். இந்தக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசியைப் பல வருடம் போடச் சொல்வார்கள். நோகிறது என்று பிள்ளை அழும், பாடசாலைக்கு லீவு போடவும் வேண்டிவரும். அந்த ஊசியைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். அடுத்த தடவை காய்ச்சல் வந்தால் வால்வு இன்னும் கெடும்.

ஒடுங்கிய வால்வைச் சிலருக்குப் பலூனால் விரிக்கலாம், சிலருக்குச் சத்திரசிகிச்சை செய்து மாற்ற வேண்டும். உலோக வால்வு வைத்தவருக்கு வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின்தான், மேலே சொன்ன புதிய மருந்துகள் அவருக்குச் சரிவராது. வயதானவர்களுக்கு வெளிவாசல் வால்வில் கல்சியம் படிந்து இறுகுவதும் உண்டு. நடந்தால் மயக்கம், மூச்சிளைப்பு, நெஞ்சு வலி வந்தால் அதையும் பார்க்க வேண்டும். பிறக்கும்போதே இருதயத்தில் ஓட்டை போன்ற ஏதாவது குறை உள்ள பிள்ளைகள் ஆயிரத்தில் சுமார் எட்டு ஒன்பது பேர். பால் குடிக்கும்போது வியர்த்து இளைக்கிற, நிறை கூடாத, உதடு நீலமாகிற குழந்தையை உடனே காட்ட வேண்டும். பொறளையில் இருக்கும் சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு நாடு முழுவதிலுமிருந்து இப்படியான பிள்ளைகள் வருகிறார்கள். சில ஓட்டைகள் தானாகவே மூடிக்கொள்ளும்.

பிரஷரை அளந்தால்தான் தெரியும்

நான்கு பழுதுகளுக்கும் பின்னால் திரும்பத் திரும்ப நிற்பது உயர் பிரஷர். தலையிடி, தலைச்சுற்று வந்தால்தான் பிரஷர் என்ற நம்பிக்கை எங்களிடம் ஆழமாக இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. கிளினிக்கில் 140/90 க்கு மேல், வீட்டில் அளந்தால் 135/85 க்கு மேல் தொடர்ந்து இருந்தால் அது உயர் பிரஷர். ஒரே குளிசையைக் கூட்டிக்கொண்டே போவதைவிடச் சிறிய அளவில் பல மருந்துகளைச் சேர்ப்பது நல்ல பலன் தரும் என்பதற்கு இலங்கையிலேயே ஆதாரம் உண்டு. 700 பேரோடு இங்கே நடந்த ஆய்வு 2018 இல் வெளியானது. மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தவர்களில் ஆறு மாதத்தில் 70 வீதமானோருக்குப் பிரஷர் இலக்குக்கு வந்தது. வழக்கமான சிகிச்சையில் 55 வீதம்.

அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் பிரஷர், சீனி, நிறை எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். நாற்பதைத் தாண்டிய யாரும் வருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிகரெட்டை நிறுத்தி ஒரு வருடத்தில், புகைத்ததால் கூடியிருந்த இருதய ஆபத்து ஏறத்தாழப் பாதியாகிறது. இவ்வளவு பலன் தரும் வேறு மருந்து என்ன இருக்கிறது? வெற்றிலையோடு போடும் புகையிலையும் ஆபத்தானதே. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, அது எல்.டி.எல்லைக் கூட்டுகிறது. சொதியையே விட்டுவிடச் சொல்லவில்லை. முதல் பாலைக் குறைத்து, பொரிப்பதைக் குறைத்தால் போதும்.

அப்புறம் கடதாசிகள். வார்டிலிருந்து வரும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் புத்தகம், கடைசி ஈ.சி.ஜி, எக்கோ ரிப்போர்ட், ஸ்டென்ட் வைத்திருந்தால் அந்த அட்டை, எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். போனில் படமும் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். பழைய ஈ.சி.ஜி கையில் இருந்தால், இன்று தெரியும் மாற்றம் புதிதா பழையதா என்று டொக்டர் உடனே கண்டுபிடிப்பார். அடுத்த கிளினிக் நாளில் மூன்று கேள்வி கேளுங்கள்: பழுது குழாயிலா, தசையிலா, துடிப்பிலா, வால்விலா? இந்தக் குளிசைகளில் எதை ஒருபோதும் நிறுத்தக் கூடாது? என்ன நடந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே வர வேண்டும்?